சீனி கொடுக்கக் கூடாத பிள்ளை

எங்கள் பாலையூற்றில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு ஒரு மரியாதையான வருத்தம். ஓய்வுபெற்ற தபாலதிபர், கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், பிள்ளைகளையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற பெரிய வீட்டு மாமி என்று, வாழ்க்கையில் ஓரளவு நிலைபெற்றவர்களுக்குத்தான் அது வரும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று தங்கள் தங்கள் சீனியின் அளவைச் சொல்லிக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பதினொரு வயதில் போய்ச் சேர்ந்தவள் நான்.

எனக்கு அது வந்த விதம் மரியாதையானதல்ல. ஆறாம் ஆண்டுக்குப் போன புதிதில் தீராத தண்ணீர் விடாய். குசினியில் குடத்தைச் சரித்துச் சரித்துக் குடிப்பேன். குடித்ததெல்லாம் இரவில் பாயில் போய்விடும். அம்மா விடியமுதல் எழும்பிப் பாயைக் கழுவி, பக்கத்து வளவுக்காரர் கண்ணில் படாமல் கிணற்றடிக்குப் பின்னால் காயப்போடுவார். நான் மெலிந்துகொண்டே போனேன். பள்ளிச் சட்டை தோளில் நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் மூச்சு வாங்கத் தொடங்க, மாமாவின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டும் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். பிள்ளை இனிப்புத் தின்றதால் வந்த வருத்தம் இல்லை என்றும் சொன்னாராம். அம்மாவுக்குத்தான் சொன்னார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குச் சொன்னவர்கள், தோடம்பழமும் கையுமாகக் கட்டிலடிக்கு வந்த சொந்தக்காரர்கள். "இந்த வயசில சீனியோ? எவ்வளவு டொபி திண்டிருப்பாள்!" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் அம்மா ஒளித்துவைத்த, இனிப்புக் கட்டிப்பால் அடைத்த ரின்பால் பேணி ஒன்று இருந்தது. கதிரை போட்டு ஏறி, விரலால் தொட்டுத் தொட்டு நக்குவது என் வழக்கம். கடவுள் அதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பாவசங்கீர்த்தனத்தில் ரின்பால் கதையைச் சொன்னேன். சுவாமி ஒரு மரியே வாழ்க செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். செபத்தைச் சொன்னேன், ஊசி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தாதி ஒருவர் அம்மாவை இருத்திவைத்து எல்லாம் பழக்கினார். இன்சுலினைக் குளிரில் வைக்க எங்கள் வீட்டில் பிறிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது, ஆனால் மருந்தை அங்கே வைத்தால் கதை ஊருக்குப் போகும் என்று அம்மா பயந்தார். அதனால் மண்சட்டியில் ஈரமணல் போட்டு அதற்குள் இன்சுலின் போத்தலை வைக்கச் சொல்லிக்கொடுத்தார் அந்தத் தாதி. பிறகு இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இனிப்பைக் கண்டபடி தின்னக் கூடாது. மற்றது, ஊசி போட்ட பிறகு சாப்பாடு பிந்தினாலோ, வெயிலில் கூட நேரம் நின்றாலோ சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கோபம் வரும், பிறகு மயக்கம். அந்த நேரம் ஒரு டொபியோ குளுக்கோசோ வாயில் போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. "ரெண்டையும் பள்ளிக்கூடத்தில சொல்லுங்கோ அம்மா" என்றார்.

இரண்டையும் சொல்வதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாநாடு நடந்தது. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. எல்லாத் தீர்மானமும் எடுத்து முடிந்த பிறகு வேலையால் வந்து "சரி" என்று சொல்கிறவர். ஆகவே மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அம்மாவின் தமக்கையான பெரியம்மா.

"சீனி வருத்தம் எண்டு சொல்லு. அது எல்லாருக்கும் வாறது. மயக்கம் வாற கதையை மட்டும் வாயில எடுத்துப்போடாதை. உடன வலிப்பு எண்டு முடிச்சுப் போடுவினம். பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஆர் வந்து கேக்கப்போறான்?"

எனக்கு அப்போது பதினொரு வயது. என்னை யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அன்று முதல் என் வருத்தம் இரண்டாகப் பிரிந்தது. வெளியே சொல்லக்கூடிய பாதி, சொல்லக் கூடாத பாதி. சொல்லக் கூடாத பாதிக்காக அம்மா என் பென்சில் பெட்டிக்குள் டொபிகளைப் போட்டுவிட்டு, "தலை சுத்தினா ஒண்டை வாயில போடு. ஏன் எண்டு ஆரும் கேட்டா, சும்மா எண்டு சொல்லு" என்றார்.

எங்கள் வகுப்பு டீச்சர் சாம்பல்தீவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதனால் எல்லாவற்றையும் முழு மனதோடு செய்வார். அம்மா அவரைத் தனியே கண்டு, பிள்ளைக்குச் சீனி வருத்தம், இனிப்புக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல, அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாராம். மறுநாள் காலையில் என்னை வகுப்பின் முன்னால் கூப்பிட்டார். தோளில் கை வைத்துக்கொண்டார்.

"பிள்ளையள், இவவுக்கு ஒரு வருத்தம். இனிப்புத் திண்டா இவவுக்குக் கூடாது. இண்டையில இருந்து எங்கட வகுப்பில ஒருத்தரும் இவவுக்கு இனிப்புக் குடுக்கிறேல்லை. இவ கேட்டாலும் குடுக்கிறேல்லை. எல்லாரும் இவவைப் பாத்துக்கொள்ள வேணும். சரியோ?"

"ஓம் டீச்சர்" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது. பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக்கூட அப்படி ஒற்றுமையாகக் குரல் வந்ததில்லை. ஒரு பிள்ளையிடமிருந்து இனிப்பைப் பறிப்பது புண்ணியம் என்று பெரியவர்களே சொல்லித் தந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் உற்சாகம் வராது?

அவர்களில் மிகவும் உற்சாகப்பட்டவள் துஷானி. சல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, எனக்குப் பக்கத்துக் கதிரை. அவளுடைய தகப்பனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. கடல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரும் ஒரு கவனம் அவளிடம் இருந்தது. டீச்சர் அவளை என் காவலுக்கு நியமித்தார். இடைவேளையில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திறப்பாள்.

யாருக்காவது பிறந்தநாள் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை கலர்ச் சட்டை போட்டு வந்து வகுப்பு முழுக்க டொபி கொடுக்கும். அது வரிசை வரிசையாக வரும்போது எல்லாரும் எழும்பி வாழ்த்துப் பாடுவோம். என் மேசைக்கு வந்ததும் பிறந்தநாள்காரி கையை இழுத்துக்கொள்வாள். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். டீச்சர் எனக்கென்று வைத்திருக்கும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அன்போடு வருவார். அந்த உப்புப் பிஸ்கட்டை எல்லாரும் பார்க்க நான் தின்ன வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்தப் பிஸ்கட் தொண்டையில் இறங்காது.

இப்படி நாடறிந்த சீனி நோயாளியாக ஆக்கப்பட்ட பிறகு, தலை சுற்றும்போது எல்லார் முன்னும் டொபியை எப்படி வாயில் போடுவது? உண்ணாவிரதம் இருக்கிறவர் மேடையில் இருந்து வடை தின்றது போலாகிவிடும். ஆகவே கை நடுங்கத் தொடங்கினால் நான் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு மலசலகூடத்துக்குப் போவேன். கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, டொபியைக் கடித்து விழுங்குவேன். தாளைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு திரும்பி வருவேன். திருடித் தின்கிறேன் என்ற எண்ணம்தான் எனக்கும் இருந்தது. அலுமாரியில் ரின்பாலை நக்கியவளுக்கு இதுதான் சரியான இடம் என்று தோன்றும்.

விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்னர் துஷானி என் வாயை மணந்து பார்த்தாள். "உனக்கிட்ட டொபி மணக்குது" என்றாள். நான் இல்லை என்றேன். அவள் என் பென்சில் பெட்டியைத் திறந்தாள்.

"டீச்சர், இவ டொபி ஒளிச்சு வச்சிருக்கிறா!"

டீச்சர் வந்து என் மேசையடியில் குந்தியிருந்து, என் முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கேட்டார். "ஏன் பிள்ளை இது? உங்களுக்கு இது நஞ்சு எண்டு தெரியாதோ?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு மயக்கம் வரும் டீச்சர், அதற்கு இதுதான் மருந்து என்று ஒரு வரி. ஆனால் அது சொல்லக் கூடாத பாதி. சொன்னால் வலிப்பு என்று ஊர் சொல்லும், அம்மாவின் முகம் வெளிறும். எனக்கு இரண்டு வெட்கங்கள் முன்னால் இருந்தன. சின்னதை எடுத்துக்கொண்டேன்.

"ஆசையா இருந்தது டீச்சர்" என்றேன்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். டொபிகளை ஒன்றும் விடாமல் பொறுக்கித் தன் கைப்பைக்குள் போட்டார். பிறகு, எனக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் என்று நினைத்து, காதுக்குள் சொன்னார். "நான் அம்மாவுக்குச் சொல்லமாட்டன். நீங்கள் இனிச் செய்யாதேங்கோ. என்ன?"

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மாவுக்குச் சொல்லவேயில்லை. பெட்டிக்குள் டொபி இருக்கிறது என்ற நினைப்பில் அம்மா நிம்மதியாக இருந்தார். இனிப்பு என் கைக்கு எட்டாது என்ற நினைப்பில் டீச்சர் நிம்மதியாக இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வெறும் பென்சில் பெட்டியோடு இருந்தேன். கேட்டால் அம்மா வேறு டொபி தந்திருப்பார்தான். ஆனால் பிடிபட்ட கதையையும் அல்லவா சொல்ல வேண்டும்.

விளையாட்டுப் போட்டி அன்று மைதானத்தில், எங்கள் ஊரில் மாடுகள்போலத் திரிகிற மான்களை விரட்டிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். விரட்டிய மான்கள் மதிலோரம் நின்று எங்கள் இல்லச் சோடனையில் கட்டியிருந்த தென்னோலையைத் தின்றுகொண்டிருந்தன. போட்டிக்காகப் பிள்ளைகளை நிறம் நிறமாக இல்லங்களாகப் பிரித்திருந்ததில் நான் நீல இல்லம். ஓடக் கூடாது என்று டீச்சர் என்னை எல்லாப் போட்டியிலிருந்தும் எடுத்துவிட்டு, மனம் நோகக் கூடாதே என்று அணிநடையில் நிற்க விட்டிருந்தார். நிற்பதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்பது அவர் எண்ணம்.

பிரதம விருந்தினர் பிந்தினார். பிரதம விருந்தினர் என்றால் பிந்துவார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் நேரத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எங்களை முன்னதாகவே வெயிலில் நிரையாக நிறுத்திவிட்டார்கள். அம்மா விடியவே ஊசி போட்டு இடியப்பம் தந்து அனுப்பியிருந்தார். பத்து மணிக்குத் தின்பதற்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் அம்மாவின் கைப்பைக்குள் இருந்தன. அம்மா மைதானத்தின் மறுபக்கத்தில் பெற்றோருக்குப் போட்ட பந்தலுக்குள் இருந்தார். எழும்பி எழும்பி என்னைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கி நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது.

விருந்தினர் வந்தார். கொடியேற்றினார். பேசினார். அணிநடை முடிந்தது. நிரை கலையும்போது என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல இருந்தன. வியர்வை முதுகில் வழிந்தது. மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பந்தல் ஓட்டப்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம், ஓட்டம் முடியும் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மேசையில் ஓடி வருகிறவர்களுக்கென்று வெட்டிய தோடம்பழமும் ஒரு கிண்ணத்தில் குளுக்கோசும் வைத்திருந்தார்கள். அறிவிப்பாளரின் மேசையும் அதோடு ஒட்டி இருந்தது. குளுக்கோஸ் மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் கையில் கரண்டியுமாக நின்றவள் துஷானி.

"தா" என்றேன்.

"உனக்கு ஏலாது."

"தாடி!"

"டீச்சர் குடுக்க வேண்டாமெண்டவ. உனக்குக் கூடாதடி. போய் நிழல்ல இரு."

இதற்குப் பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கிண்ணத்தின்மேல் பாய்ந்தேனாம். துஷானி கிண்ணத்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். நான் அவளுடைய கையைக் கடித்தேன். பல் பதிந்து இரத்தம் வந்தும் அவள் கிண்ணத்தை விடவில்லை. பெரிய வகுப்பு அக்காமார் இரண்டு பேர் வந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நான் கோயிலில் ஒருநாளும் கேட்டிராத சொற்களால் அவர்களை ஏசினேனாம். அந்தச் சொற்களை நான் எங்கே பழகினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. டீச்சர் தூரத்திலிருந்து ஓடி வந்தபடியே, "குடுக்காதேங்கோ! பிள்ளைக்குக் குளுக்கோஸ் குடுக்காதேங்கோ!" என்று கத்தினார். எல்லாரும் என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுடைய கைகளுக்குள் துவண்டு சரிந்தேன்.

அணிநடை முடிந்த கையோடு தொடங்கிய அஞ்சலோட்டம் அந்த நேரம் நடந்துகொண்டிருந்தது. நீல இல்லம் முன்னால் வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் பந்தலுக்குள்ளிருந்து ஒரு சேலை மைதானத்துக்குள் இறங்கியது. என் அம்மா சந்தைக்குப் போகும்போதுகூட வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அவர் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளைகளுக்குக் குறுக்கே ஓடினார். "பெற்றோர் தயவுசெய்து மைதானத்தை விட்டு வெளியேறவும்" என்றது ஒலிபெருக்கி. நீல இல்லத்துப் பிள்ளை அம்மாவில் மோதாமல் இருக்கப் பாதை விலகி, தடுக்கி விழுந்தாள். கோல் உருண்டு போனது. மற்ற இல்லங்கள் கடந்து ஓடின.

"விடுங்கோ! பிள்ளைக்குச் சீனியைக் குடுங்கோ! சீனி இல்லாமத்தான் இப்பிடிக் கிடக்குது!"

டீச்சர் திகைத்துப்போனார். "நீங்கள்தானே அம்மா குடுக்கக் கூடாதெண்டனீங்கள்?"

"நான் பாதியைத்தான் சொன்னனான் டீச்சர். மற்றதை மறைச்சுப்போட்டன். என்ர பிள்ளைக்கு மயக்கம் வாறது. சீனி இறங்கினா மயக்கம் வாறது. பெட்டிக்குள்ள டொபி வச்சுத்தானே விட்டனான்!"

பக்கத்து மேசையில் அறிவிப்பாளர் கையிலிருந்த ஒலிவாங்கியை நிறுத்த மறந்துபோயிருந்தார். பெரியம்மா வாயில் எடுக்கக் கூடாது என்று சொன்ன கதை, மைதானத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, கடற்கரை வீதியில் போய்க்கொண்டிருந்தவர்கள் காது வரைக்கும் போனது.

எனக்கு முதலில் திரும்பி வந்தது நாக்கு. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அம்மா குளுக்கோசைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் வந்தது. அம்மாவின் ஒரு காலில் செருப்பு இல்லை. சேலைக் கரையில் சுண்ணாம்பு. சுற்றிவர முகங்கள், முகங்கள். என் முகமெல்லாம் வெள்ளை மாவும் எச்சிலும் வழிந்து கிடந்தது. பாவாடை நனைந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை அதைச் சுட்டிக் காட்டினாள். துஷானி கையைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் இன்னும் கொஞ்சநேரம் இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அம்மாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தாமல் தந்திருக்கலாம். சுற்றி ஓடி வந்திருக்கலாம். எங்கள் இல்லம் தோற்றதே அம்மாவால்தான்.

அன்று பின்னேரம் டீச்சரின் ஸ்கூட்டர் எங்கள் படலையில் வந்து நின்றது. நான் குசினிக்குள் ஓடி ஒளிந்துகொண்டு கதவு இடுக்கால் பார்த்தேன். டீச்சர் கைப்பையைத் திறந்து என்னிடம் பறித்த டொபிகளை மேசையில் வைத்தார். வெக்கையில் அவை உருகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். டீச்சர் இருக்கவில்லை, அதனால் அம்மாவும் இருக்கவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே பிழை தன்னுடையது என்று மாறி மாறிச் சொன்னார்கள்.

"நான் உங்களுக்கு அறிவிச்சிருக்க வேணும். பிள்ளைக்கு அடி விழுமெண்டு பயந்துபோனன்."

"இல்லை டீச்சர். நான் முழுசாச் சொல்லியிருந்தா நீங்கள் ஏன் பறிக்கப்போறியள்?"

"ஏனம்மா சொல்லேல்லை?"

அம்மா மேசையிலிருந்த டொபித் தாளொன்றை நகத்தால் சுரண்டினார். "வெட்கமாக் கிடந்தது டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். டீச்சரும் அழுதார். நான் அழவில்லை. திங்கட்கிழமை எப்படிப் பள்ளிக்கூடம் போகாமல் விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குத்து என்று சொல்லலாம் என்றால், இனிமேல் என் வயிற்றுக்குத்தைக்கூட ஒருவரும் சும்மா விடமாட்டார்கள்.

போவதற்கு முன்னர் டீச்சர் ஒன்று கேட்டார். திங்கட்கிழமை அம்மா வகுப்புக்கு வர வேண்டும். வந்து பிள்ளைகளுக்குத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். தான் சொன்னால் திரும்பவும் பாதிதான் போகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து நெருப்பு எடுத்தார். "ஊர்ப் பிள்ளையளுக்கு முன்னால போய் நிண்டு சொல்லப்போறியோ? உனக்கென்ன விசரோ?"

"இனி மறைக்க என்னக்கா கிடக்கு? லவுட்ஸ்பீக்கர்ல போட்டாச்சே" என்றார் அம்மா. பெரியம்மாவுக்கு மறுத்துப் பேசி அம்மாவை நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

திங்கட்கிழமை அம்மா கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். கரும்பலகைக்கு முன்னால், எங்கே கையை வைப்பது என்று தெரியாமல், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். அவருக்கு வகுப்பறை என்றாலே பயம். நான் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். குரல் மட்டும் கேட்டது. முதலில் மெல்லிதாக, பிறகு வீட்டில் கதைக்கிற மாதிரி.

இந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆபத்து என்றார். சீனி கூடினாலும் கூடாது, குறைந்தாலும் கூடாது. கூடினால் மெல்ல மெல்லத்தான் கெடுக்கும். குறைந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே விழுந்துவிடுவா. "கை நடுங்கும். முகம் வெளிறும். வியர்க்கும். சில நேரம் கண்டபடி ஏசுவா, அடிப்பா, கடிப்பா. அது இவ இல்லை பிள்ளையள். அது வருத்தம். அந்த நேரம் இவவோட கோவிக்காதேங்கோ."

கடைசிச் சொல்லை அம்மா எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்று நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கதிரை தரையில் கிறீச்சிட்டது. துஷானி எழும்பினாள்.

"அன்ரி, ஏசேக்க அது வருத்தமோ, இல்லாட்டிச் சும்மா கோவமோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் சில நேரம் தெரியாதம்மா" என்றார் அம்மா. "நான் ரெண்டுக்கும் சீனியைக் குடுத்துப்போடுவன்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கோபதாபங்களையும் இப்போது ஊருக்குப் பங்கு வைத்தாயிற்று என்று மனம் எரிந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அன்ரி, இவ செத்துப்போவாவோ?"

"இரு பிள்ளை! என்ன கதை இது?" என்று டீச்சர் அதட்டினார்.

"இருக்கட்டும் டீச்சர். கேக்கட்டும்" என்றார் அம்மா. கைப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "நீங்கள் பாத்துக்கொண்டா மாட்டா" என்றார். "வீட்டில நான் பாப்பன். இஞ்ச நான் இல்லை. இஞ்ச நீங்கள்தான் இருக்கிறியள்."

அம்மா போய்விட்டாரா என்று நான் தலையை ஒரு பக்கமாகச் சரித்துக் கையிடுக்கால் பார்த்தேன். அம்மா இரண்டு கையையும் கூப்பி அவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை. முன்வரிசையில் மூக்கு ஒழுகுகிறவளையும், பின்வரிசையில் தூங்குகிறவளையும், கையில் பிளாஸ்டர் ஒட்டிய துஷானியையும். பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருத்தியாக எழும்பி நின்றார்கள்.

வாக்குக் கேட்க வந்தவர் மாதிரி இது என்ன கோலம் என்று எனக்கு உடம்பு கூசியது. பெரிய ஆள் ஒருவர், அதுவும் என் அம்மா, சின்னப் பிள்ளைகளைக் கும்பிடுவதா? மைதானத்தில் நடந்ததைக்கூட நான் மறந்திருப்பேன். இதை மறக்கமுடியாது என்று நினைத்தேன். அம்மா எப்போது வெளியே போவார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இந்த வகுப்பில் என் முகத்தை எப்படிக் காட்டுவது என்று மேசைக்குள் அதை இன்னும் ஆழமாகப் புதைத்தேன். அந்த முகம் வெளிறுகிறதா என்று அவர்கள் ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா கும்பிட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.